விளக்க முடியாத சொற்கள்: முதற் செய்நிரலின் சுமை

மட்டக்களப்பின் புளியந்தீவில் படிக்கும் பிள்ளை ஒன்று, இரண்டு எண்களைக் கூட்டிக் காட்டும் செய்நிரலைத் தன் கல்விக் காலத்தில் மூன்று தடவை முதலிலிருந்து பழகுகிறது. சாதாரண தரத்தில் பாஸ்கலில் எழுதுகிறது. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் பாடமாக எடுத்தால் பைதனில் எழுதுகிறது. அதன் பிறகு பல்கலைக்கழகம், வெளிவாரிப் பட்டம், தனியார் டிப்ளோமா என்று எங்கே போனாலும் ஏதோ ஓரிடத்தில் ஜாவா வந்து சேரும். மூன்றிலும் கணக்கு ஒன்றேதான். அந்தக் கணக்கைச் சுற்றி எழுதவேண்டிய, கணக்கோடு சம்பந்தமே இல்லாத கட்டாய வரிகள்தாம் மொழிக்கு மொழி மாறுகின்றன.

அந்தக் கட்டாய வரிகளைப் பற்றியது இக்கட்டுரை. நிரல்மொழிகளை வடிவமைப்போர் அண்மைக்காலத்தில் இவற்றைக் குறைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஜாவா முப்பது ஆண்டு கழித்து, 2025 செப்டெம்பரில் வந்த தன் 25ஆம் பதிப்பில் இதைச் செய்து முடித்தது. வாவி சூழ்ந்த இந்தச் சிறு தீவிலிருந்து பார்க்கும்போது அது சின்னச் செய்தியாகத் தோன்றவில்லை.

இங்கே நடந்தே போய்விடக்கூடிய தூரத்துக்குள் பழம்பெரும் பாடசாலைகள் நிற்கின்றன. மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814இலும், வின்சன்ட் மகளிர் பாடசாலை 1820இலும், புனித மிக்கேல் கல்லூரி 1873இலும் தொடங்கியவை. மிஷனரிமார் தொடங்கிய இக்கல்லூரிகள் ஒரு காலத்தில் ஆங்கிலக் கல்வியால் பெயர்பெற்றவை. இன்று இவற்றில் படிக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் தமிழில் படிக்கிறார்கள், பரீட்சையையும் தமிழில் எழுதுகிறார்கள். பல்கலைக்கழக வாசலில்தான் எல்லாம் ஒரே நாளில் ஆங்கிலத்துக்கு மாறுகிறது. ஜாவாவின் முதற் பாடமும் பெரும்பாலும் அந்த வாசலில்தான் காத்திருக்கிறது.

முதலில் பாஸ்கல். தரம் 11 பாடநூலில் வரும் வகைச் செய்நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் வரியில் 'புரோகிராம்' என்று எழுதிச் செய்நிரலுக்கு ஒரு பெயர். அடுத்து 'வார்' என்ற சொல்லின் கீழ் இரண்டு மாறிகளின் பெயர்கள், அவை முழு எண்கள் என்ற அறிவிப்பு. பிறகு 'பிகின்'. உள்ளே இரண்டு எண்களை வாசிக்கும் கட்டளைகள், கூட்டுத்தொகையை எழுதும் கட்டளை. கடைசியில் 'என்ட்', அதன் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி. பைதனோடு ஒப்பிட்டால் இதில் வரிகள் அதிகம். ஆனால் அன்றைய பாடத்திலேயே ஆசிரியரால் விளக்க முடியாத சொல் இதில் ஒன்றுகூட இல்லை. செய்நிரலின் பெயர் இது, இதில் இந்த மாறிகள் உள்ளன, இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது. பாய்ச்சற் கோட்டுப்படம் வரைந்து பழகிய பிள்ளைக்கு அந்தப் படத்தின் தொடக்கமும் முடிவும் அப்படியே எழுத்தில் தெரிகின்றன. நிக்கிளவுஸ் விர்த் 1970இல் இம்மொழியை வெளியிட்டபோது கற்பித்தலையே முக்கிய நோக்கமாக வைத்திருந்தார். அந்த நோக்கம் ஒவ்வொரு சொல்லிலும் இன்றும் தெரிகிறது.

பைதனுக்கு வந்தால் கட்டாய வரிகள் என்று எதுவுமே இல்லை. 2017இல் நடைமுறைக்கு வந்த உயர்தரப் பாடத்திட்டம் பைதனைத் தேர்ந்தது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஆனாலும் குறுக்கம் என்பது இலவசமாகக் கிடைப்பதில்லை. பைதனில் விசைப்பலகையிலிருந்து வாசிக்கும் எதுவும் எழுத்துச்சரமாகவே வரும். அதை எண்ணாக மாற்றாமல் கூட்டினால் 5உம் 7உம் சேர்ந்து 57 ஆகிவிடும். திரையில் 57ஐக் கண்டு விழிக்காத உயர்தர மாணவர் அரிது. பாஸ்கலில் 'இவை முழு எண்கள்' என்று முன்கூட்டியே அறிவித்த அந்த ஒரு வரி என்ன வேலை செய்தது என்பது அப்போதுதான் புரிகிறது. வரி குறைந்தால் போதும் என்பதல்ல என் வாதம். அன்றைய வகுப்பில் விளக்க முடியாத சொல் அன்றைய செய்நிரலில் இருக்கக்கூடாது. அளவுகோல் அது ஒன்றுதான்.

அந்த அளவுகோலின்படி பழைய ஜாவா படுமோசமாகத் தோற்றது. 'வணக்கம்' என்று திரையில் ஒரு சொல் காட்ட, முதலில் 'பப்ளிக் கிளாஸ்' என்று எழுதி ஒரு பெயர் கொடுத்து அடைப்பைத் திறக்கவேண்டும். அதற்குள் 'பப்ளிக் ஸ்டாட்டிக் வொய்ட் மெயின்'. அதன் பிறைக்குறிக்குள் 'ஸ்ட்ரிங்', சதுர அடைப்பு, 'ஆர்க்ஸ்'. மறுபடியும் ஓர் அடைப்பு. அதற்கும் உள்ளேதான் 'சிஸ்டம் டொட் அவுட் டொட் பிரின்ட்லைன்' என்ற உண்மையான கட்டளை வருகிறது.

ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது? 'பப்ளிக்' என்பது வெளியிலிருந்து யார் இதை அணுகலாம் என்ற அனுமதி. செய்நிரலைப் பல கோப்புகளாக, பல குழுக்கள் சேர்ந்து எழுதும்போதுதான் அந்தக் கேள்வியே எழும். 'கிளாஸ்', அதாவது வகுப்பு, பொருள்நோக்கு நிரலாக்கத்தின் அடிப்படை அலகு. 'ஸ்டாட்டிக்' என்றால் பொருள் ஒன்றை உருவாக்காமலே இதை அழைக்கலாம் என்று அர்த்தம். பொருள் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைக்கு, பொருள் இல்லாமலும் அழைக்கலாம் என்ற விதிவிலக்கு முதல் நாளே வந்துவிடுகிறது. 'வொய்ட்' இந்தச் சார்பு எதையும் திருப்பித் தராது என்கிறது. 'ஸ்ட்ரிங் ஆர்க்ஸ்' கட்டளைத்திரையில் செய்நிரலின் பெயருக்குப் பின்னால் தட்டும் சொற்களின் அணி. சி மொழியிலிருந்து வந்த மரபு இது. தொடக்க மாணவர் அந்த அணியை ஒரு தடவையும் பயன்படுத்தமாட்டார், ஆனால் ஒரு தடவையும் எழுதாமல் விடவும் முடியாது. 'சிஸ்டம் டொட் அவுட்' என்பது ஒரு வகுப்புக்குள் இருக்கும் ஒரு பொருள். அதன் செயலே கடைசியில் வரும் 'பிரின்ட்லைன்'.

"சேர், இந்த ஸ்டாட்டிக் எண்டா என்ன?"

"அத இப்ப விடுங்க. அப்படியே எழுதுங்க, பிறகு விளங்கும்."

ஜாவா கற்பிக்கும் எந்த வகுப்பிலும் நடக்கும் உரையாடல் இது. ஆசிரியரைக் குறை சொல்லமுடியாது, அவர் உண்மையைத்தான் சொல்கிறார். ஸ்டாட்டிக்கை அன்று விளக்கப் போனால் பாடமே நின்றுவிடும். ஆனால் கேட்ட பிள்ளை அங்கே வேறொன்றையும் கற்றுக்கொள்கிறது: செய்நிரலில் சில பகுதிகள் கேள்விக்கு அப்பாற்பட்டவை, மனப்பாடம் செய்துவிட்டால் போதும். கடந்தகால வினாத்தாள்களை மனனம் செய்து பரீட்சைக்குத் தயாராகும் நம் பழக்கத்துக்கு இது தீனி போடுகிறது. எழுதும் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் கேட்கச் சொல்லித்தரவேண்டிய ஒரே பாடத்திலும் முதல் நாளிலேயே அந்தப் பழக்கம் புகுந்துவிடுகிறது.

மனப்பாடம் தவறினால் நடப்பது இன்னும் கொடுமை. 'ஸ்ட்ரிங்'கின் முதலெழுத்தைச் சிறிய எழுத்தில் போட்டால், அந்தக் குறியீட்டைக் காணவில்லை என்று தொகுப்பான் முறையிடும். கோப்பின் பெயரும் வகுப்பின் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் வேறொரு முறைப்பாடு. பழைய ஜாவாவில் 'ஸ்டாட்டிக்'கை மறந்துவிட்டாலோ தொகுப்பான் ஒன்றுமே சொல்லாது. செய்நிரல் பிழையின்றித் தொகுக்கப்பட்டு, இயக்கும்போதுதான் 'மெயின்' ஸ்டாட்டிக்காக இல்லை என்ற ஆங்கில வாக்கியம் வரும். மாணவர் அறியாத சொல்லை மறந்ததற்கு, அதே அறியாத சொல்லைக் கொண்டு விளக்கம்!

எண்ணை வாசிக்கும் கதையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 2004இல் ஜாவா 5 வரும்வரை, விசைப்பலகையிலிருந்து ஒரு வரியை வாசிக்க இரண்டு பொருள்களை ஒன்றுக்குள் ஒன்றாக உருவாக்கி, வாசிப்புப் பிழை நேர்ந்தால் என்ன செய்வது என்ற அறிவிப்பையும் எழுதவேண்டியிருந்தது. ஜாவா 5இல் வந்த 'ஸ்கேனர்' கொஞ்சம் இலகுவாக்கியது. அதிலும் மேலே ஓர் 'இம்போர்ட்' வரி, கீழே 'நியூ' என்ற பொருளாக்கம், அந்த ஒரே பெயரை மூன்று தடவை தட்டுவது. இதையெல்லாம் தாண்டிய பிறகுதான் கூட்டலே தொடங்கும்.

ஏன் இப்படி வடிவமைத்தார்கள்? அறியாமையால் அல்ல. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் கொஸ்லிங்கும் குழுவினரும் 1995இல் அறிமுகப்படுத்திய மொழியில், பெரிய செய்நிரல்களைப் பலர் சேர்ந்து பத்திரமாக எழுதவேண்டும் என்ற எண்ணமே மேலோங்கி நின்றது. அந்த நோக்கத்துக்கு மேற்சொன்ன சொற்கள் ஒவ்வொன்றும் அவசியமானவை. 1960களின் கோபோல் இதற்கும் முந்திய உதாரணம். நான்கு பெரும் பிரிவுகளும் தலைப்புகளும் கொண்ட அந்த அமைப்பு, வங்கியின் பதிவேட்டை நெறிப்படுத்த உகந்தது. அதே தசாப்தத்தில், 1964இல், டார்ட்மத் கல்லூரியின் கெமெனியும் கேர்ட்ஸும் விஞ்ஞானம் படிக்காத மாணவர்களுக்கென்றே பேசிக் மொழியை உருவாக்கினார்கள். அதில் இரண்டு வரி எழுதினாலே அது முழுச் செய்நிரல். ஆக, இரண்டு தேவைகளும் ஆறு தசாப்தங்களாகவே பக்கத்தில் பக்கத்தில் இருந்து வந்திருக்கின்றன. பெரியவர்களின் தொழிற்கருவி பிள்ளைகளின் முதற் கருவியாகவும் ஆனபோதுதான் இடறல் வந்தது. தோணி வலிக்கப் பழக வந்தவரிடம் கப்பல் பதிவுப் பத்திரம் கேட்பதுபோல.

இந்தச் சுமை வெறும் எரிச்சல்தானா, கற்றலை உண்மையில் பாதிக்கிறதா? 2013இல் அன்ட்ரியாஸ் ஸ்டெஃபிக், சுசானா சீபர்ட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. நிரலாக்கம் அறியாதவர்களிடம் பல மொழிகளின் எழுத்துவடிவத்தைக் கொடுத்துச் சோதித்தார்கள். அவற்றுள் ஒன்று, குறியீடுகளைத் தற்போக்காகத் தேர்ந்து அவர்களே ஆக்கிய ஒரு பொய்மொழி. பேர்ள், ஜாவா வடிவங்களில் எழுதியவர்கள் அந்தப் பொய்மொழியில் எழுதியவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு சரியாக எழுதவில்லை. பைதன், ரூபி, குவோரம் வடிவங்களில் எழுதியவர்கள் மேலாகச் செய்தார்கள். குவோரம் ஸ்டெஃபிக்கின் சொந்த மொழி என்பதைக் கவனத்தில் வைத்துத்தான் இதை வாசிக்கவேண்டும். இருந்தும் ஜாவா பற்றிய முடிவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. புதியவருக்கு அந்த எழுத்துவடிவம் தற்போக்காக அள்ளிப் போட்ட குறியீடுகளைவிட அதிகம் உதவவில்லை.

ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் பற்றி இன்னும் நேரடியான சான்றுகள் உண்டு. பிலிப் குவோ 2018இல் வெளியிட்ட ஆய்வில் 86 நாடுகளைச் சேர்ந்த, 74 தாய்மொழிகளைப் பேசும் 840 பேர் பதில் தந்தார்கள். பாடநூலை வாசிப்பது, செய்நிரலை வாசிப்பது, பிறரோடு அதைப் பற்றிப் பேசுவது, ஆங்கிலத்தையும் நிரலாக்கத்தையும் ஒரே நேரத்தில் கற்பது என்று பல தடைகளை அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். 2017இல் சயமிந்து தாஸ்குப்தாவும் பெஞ்சமின் மாக்கோ ஹில்லும் ஸ்கிராட்ச் பயனர்களின் தரவை ஆராய்ந்து, கட்டளைகளைத் தம் மொழியில் பார்த்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் பார்த்தவர்களைவிட விரைவாகப் புதிய கருத்துகளைக் கையாளத் தொடங்கினார்கள் என்று கண்டார்கள்.

புளியந்தீவுப் பிள்ளையின் நிலை இந்த ஆய்வுகள் எல்லாம் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. ஆங்கிலம் வீட்டுமொழியான மாணவருக்கு 'பப்ளிக்', 'வொய்ட்' என்பவை நிரலாக்கத்தில் என்ன செய்கின்றன என்று தெரியாவிட்டாலும், அன்றாடப் பேச்சில் பழகிய சொற்கள். இங்கே வருபவருக்கு அந்தப் பற்றுக்கோடும் இல்லை. எழுத்துக் கூட்டலே தனிப் பாடம். ஒரே ஐந்து வரி இருவருக்கும் ஒரே எடை அல்ல.

அப்படியானால் மொழியையே தமிழாக்கிவிடலாமே என்று கேட்கலாம். அந்த ஆசைக்கு இம்மண்ணில் ஆழமான வேர் உண்டு. புனித மிக்கேல் கல்லூரியில் படித்த சுவாமி விபுலாநந்தர்தான் 1930களில் சென்னையில் நடந்த விஞ்ஞானக் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். நம் காலத்தில் முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியில், 'பதிப்பி' என்று எழுதிப் பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் வணக்கம் என்று போட்டால் செய்நிரல் முடிந்தது. கட்டாய வரியும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. முதல் வாரங்களுக்கு எழில் அருமையான வாயில் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பிள்ளைகள் தேடிப்போகும் தொழில் வேறிடத்தில் இருக்கிறது. இலங்கையின் மென்பொருள் துறையில் ஜாவாவுக்கு உள்ள இடம் பெரியது. 2005இல் சஞ்சீவ வீரவரண முதலானோர் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் ஜாவாவின்மேல் வளர்ந்தது. அதே நிறுவனம் உருவாக்கி 2019இல் முதற் பதிப்பை வெளியிட்ட 'பலரீனா', இலங்கையில் பிறந்த நிரல்மொழி. அதன் வழமையான முதற் செய்நிரலில்கூட மேலே ஓர் 'இம்போர்ட்' வரி, கீழே 'பப்ளிக் ஃபங்ஷன் மெயின்'. கொழும்பிலிருந்து வந்த மொழியும் புதியவரிடம் அதே சொற்களைத்தான் கேட்கிறது. எனவே ஜாவாவைத் தவிர்ப்பது பற்றிப் பேசுவதைவிட, ஜாவாவின் முதற் பக்கம் எப்படி இருக்கவேண்டும் என்று பேசுவதே நமக்குப் பயன்தரும்.

அந்தப் பக்கம் இப்போது மாறிவிட்டது. ஜாவாவின் மொழி வடிவமைப்பாளர் பிரையன் கெட்ஸ் 2022 செப்டெம்பரில் இதற்கான திட்டத்தை எழுதினார். மைக்ரோசொப்ட்டின் சி ஷார்ப் 2020இலேயே தன் 9ஆம் பதிப்பில் வகுப்பும் மெயினும் இல்லாமல் நேராகக் கட்டளை எழுத இடம் கொடுத்துவிட்டிருந்தது. ஜாவாவில் 2023இல் 21ஆம் பதிப்பில் முன்னோட்டமாக வந்த இவ்வசதி, நான்கு பதிப்புகள் முன்னோட்டமாகவே இருந்து, 25ஆம் பதிப்பில்தான் மொழியின் நிரந்தரப் பகுதியானது. இப்போது 'வொய்ட் மெயின்', வெறும் பிறைக்குறி, ஓர் அடைப்பு, உள்ளே 'ஐ.ஓ. டொட் பிரின்ட்லைன்'. அவ்வளவுதான். வகுப்பை எழுதாவிட்டால் தொகுப்பானே கோப்பின் பெயரால் ஒன்றை அமைத்துக்கொள்ளும். வாசிக்க 'ஐ.ஓ. டொட் ரீட்லைன்' என்ற பொருளில் ஒரு கட்டளை உண்டு, ஸ்கேனர் தேவையில்லை. பட்டியல் முதலான பொதுக் கருவிகளுக்கு இம்போர்ட் வரியும் வேண்டாம். 2018இல் ஜாவா 11 தந்த வசதியால், ஒற்றைக் கோப்பைத் தனியாகத் தொகுக்காமல் நேரே இயக்கவும் முடிகிறது.

இரண்டு ஆண்டு முன்னோட்டத்தில் நடந்த ஒரு சிறு மாற்றத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். 23ஆம், 24ஆம் பதிப்புகளில் 'பிரின்ட்லைன்' என்று தனியே எழுதினாலே போதும், முன்னால் எதுவும் வேண்டாம். இறுதிப் பதிப்பில் 'ஐ.ஓ.' என்ற முன்னொட்டைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். பார்வைக்குப் பின்வாங்கல். காரணம் இதுதான்: அந்தக் குறுக்கம் வகுப்பில்லாத சிறு கோப்புக்குள் மட்டுமே செல்லுபடியாகும். மாணவர் வளர்ந்து தன் செய்நிரலை ஒரு வகுப்புக்குள் போடும் நாளில், ஓடிக்கொண்டிருந்த வரிகள் திடீரென்று பிழையாகும். முன்னொட்டோடு எழுதினால் அன்றும் அவ்வரிகள் மாறாமல் ஓடும். முதல் நாளில் மூன்று எழுத்துகளைக் கூடுதலாகத் தட்டி, பின்னால் வரும் குழப்பம் ஒன்றைத் தவிர்க்கிறோம். தொடக்கநிலை மாணவர்களுக்கென்று ஒரு தனிக் கிளைமொழியை உருவாக்காமல், அதே ஜாவாவின் சிறிய வாசலாக இதைக் கட்டியது மிகச் சரியான முடிவு. முதல் நாள் எழுதிய வரியை எந்த நாளிலும் அழிக்கவேண்டியதில்லை. பாதியிலே அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதைத்தான் நம் பிள்ளைகள் பாஸ்கலிலிருந்து பைதனுக்கும், அங்கிருந்து ஜாவாவுக்கும் போகும்போது ஏற்கெனவே இரண்டு தடவை செய்துவிட்டார்களே.

குறை இல்லாமலில்லை. 'வொய்ட்' இன்னும் நிற்கிறது. வாசித்த வரியை எண்ணாக மாற்ற 'இன்டீஜர் டொட் பார்ஸ்இன்ட்' என்று எழுதத்தான் வேண்டும். ஆனாலும் இப்போது விளக்கம் தள்ளிப்போடவேண்டிய சொல் ஒன்றோ இரண்டோதான்.

மறுப்புகளும் உண்டு. மறைத்தது மறைந்துவிடாது, தொழிலுக்குப் போனால் ஜாவா 8இலும் 17இலும் எழுதிய பழைய செய்நிரல்களைத்தானே திருத்தவேண்டும் என்பார்கள். உண்மைதான். அதனால்தான் வரிசை முக்கியமாகிறது. பல வகுப்புகள் தேவைப்படும் பாடத்தில் 'கிளாஸ்' வரட்டும், ஒன்றை மற்றொன்றிடமிருந்து காக்கவேண்டிய பாடத்தில் 'பப்ளிக்' வரட்டும், அணி படித்த பிறகு 'ஆர்க்ஸ்' வரட்டும். தேவையோடு வரும் சொல் மனதில் நிற்கும். செய்நிரல் எழுதப் பயன்படும் மென்பொருளே அந்த வரிகளைத் தட்டித் தந்துவிடுகிறதே, இப்போது செயற்கை நுண்ணறிவும் எழுதித் தருகிறதே என்பது இன்னொரு மறுப்பு. தட்டும் சிரமம் எப்போதுமே பெரிய சிக்கலாக இருந்ததில்லை. தன் பெயரில் சமர்ப்பிக்கும் செய்நிரலில் தனக்குப் புரியாத பகுதி இருப்பதுதான் சிக்கல். கருவி எழுதித் தரும்போது அந்தப் பகுதி இன்னும் பெருகுகிறது.

நம் பக்கத்தில் உண்மையான தடை ஒன்றுண்டு. ஜாவாவின் 24ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் விண்டோஸுக்கான வடிவம் நீக்கப்பட்டது. 25இல் 32 பிட் இன்டெல் வகைக் கணினிகளுக்கான ஆதரவே முற்றாக நின்றது. பழைய இயங்குதளத்தோடு நாட்களைக் கடத்தும் கணினி அறையில் புதிய ஜாவாவை நிறுவ முடியாது. தொடக்க மாணவருக்கென்று செய்த மாற்றம், வசதி குறைந்த தொடக்க மாணவருக்கே எட்டாமல் போகும் அபாயம் இது. அந்தக் கணினிகள் பலவற்றின் வன்பொருள் 64 பிட் வகையாக இருந்து, மேலே ஏற்றிய இயங்குதளம் மட்டும் 32 பிட்டாக இருக்கலாம். அப்படியானால் புதிய கணினி வாங்கவேண்டியதில்லை, இயங்குதளத்தை மாற்றினாலே போதும்.

மட்டக்களப்பில் ஜாவா கற்பிக்கும் விரிவுரையாளர்களிடமும் தனியார் வகுப்பு ஆசிரியர்களிடமும் கேட்பது இவ்வளவே. அடுத்த அணிக்கு முதல் வகுப்பைப் புதிய வடிவத்திலேயே தொடங்குங்கள். கணினி அறையில் எந்தக் கணினி 64 பிட் என்பதைத் தவணை தொடங்குமுன் பார்த்து வையுங்கள். வினாத்தாள் தயாரிக்கும்போது, பழைய வடிவத்தைப் போலவே புதிய வடிவத்துக்கும் முழுப் புள்ளி என்று புள்ளித்திட்டத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.